துரத்தியது யார் வீட்டு நாய்?

அத்தியாயம் 5

"சைக்கிள்ல ஏறுப்பா," என்றாள் சபியா.

"ஏறுறது பிரச்சினை இல்ல மேடம். எங்க இறங்கணுங்கிறதை அந்த நாய்தான் முடிவு பண்ணும்," என்றான் மத்தியாஸ்.

வடகரப்பதி முக்கில் காலை வெயில் இன்னும் சூடு பிடிக்கவில்லை. மத்தியாஸின் கையில் ஓர் இரவல் சைக்கிள். அதற்கு மணி உண்டு, பிரேக் கிடையாது. எதிரே அஷ்ரஃபின் கோழிக்கடை. அதன் வாசலில் ஒரு செம்பட்டை நாய், முன்னங்கால்களின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு, பென்ஷன் வாங்கிய தாசில்தாரைப் போல அமைதியாகப் படுத்திருந்தது. அந்த அமைதியை மத்தியாஸ் துளியும் நம்பவில்லை.

அவன் இடுக்கிக்காரன், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தேயிலைக் காட்டில் யானை எதிர்ப்பட்டால் "கொஞ்சம் ஒதுங்கிக்க ராசா" என்று சொல்லிவிட்டுப் போகிற பரம்பரை. ஆனால் நாயைக் கண்டால் மட்டும் அவன் கால்கள் அவனைக் கேட்காமலே ராஜினாமா கடிதம் எழுதிவிடும். சபியா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொண்டிருந்தவள். அந்த வேலையை உதறிவிட்டு, சித்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தபோது, இவன்தான் முதல் உதவியாளன். இன்றுவரை கடைசி உதவியாளனும் இவன்தான். ஆட்கள் இருக்கும்போது அவளை 'மேடம்' என்பான். பயம் வந்துவிட்டால் 'அக்கா' ஆகிவிடுவாள்.

"சத்தியமா என் நாய் இல்லக்கா," என்று கடைக்குள்ளிருந்து அஷ்ரஃப் பத்தாவது முறையாகச் சொன்னான். கையில் கத்தி இருந்தும் குரல் கெஞ்சியது. "நான் துரத்தினாலும் போறதில்ல. எங்கத்தா காலத்துல இருந்து இந்த முக்குலதான் கடை. இன்னைக்குப் பதினோரு மணிக்கு கமிட்டி கூடி, கடையைப் பூட்டணும்னு பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்கப் போறாங்க. பூட்டிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அஷ்ரஃப் சபியாவைத் தேடி வந்த விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக இந்த நாய் காலை நேரத்தில் சைக்கிள்காரர்களைத் துரத்துகிறது. பைக்கைச் சீண்டுவதில்லை, ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்ப்பதில்லை, சைக்கிள் மட்டும்தான். விழுந்தவர்கள் பலர். கடைசியாக விழுந்தவள் அங்கன்வாடி டீச்சர் ஆனந்தி. குழந்தைகளுக்கான முட்டைத் தட்டோடு போய்க்கொண்டிருந்தவள் கை எலும்பு முறிந்து கிடந்தாள். ஊர் முட்டைக்காக ரொம்பவே வருத்தப்பட்டது.

நாய் யாருடையது என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. ஆகவே 'நாய்த் தொல்லை ஒழிப்புக் கமிட்டி' ஒன்று உருவாயிற்று. தலைவர், தென்னந்தோப்புக்காரர் துரைசுவாமி. கமிட்டி கண்டுபிடித்த ஆதாரங்கள் இரண்டு. ஒன்று, நாய் அஷ்ரஃப் கடை வாசலில்தான் படுத்திருக்கிறது. இரண்டு, அதன் கழுத்தில் பச்சைத் துணியில் தைத்த தாயத்து தொங்குகிறது. பச்சைத் துணி என்றால் பள்ளிவாசல் பக்கத்து ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"அந்தத் தாயத்தை நீ அவுத்துப் பார்க்கலையா?" என்றாள் சபியா.

"அய்யோ! அது சிவப்புக் கயித்துல கட்டியிருக்குக்கா. மாரியம்மன் கோயில் கயிறு. நான் எப்படித் தொடுவேன்?"

சபியா சிரித்துவிட்டாள். "அவங்க பச்சைத் துணியைப் பார்த்துட்டுத் தொடல. நீ சிவப்புக் கயித்தைப் பார்த்துட்டுத் தொடல. எல்லாரும் மரியாதைக்காரங்கதான். சரி, இதுக்குக் கோழி போட்டுப் பார்த்தியா?"

"குடல், தோல் எல்லாம் போட்டேன். தின்னுட்டு எங்கயாவது போகட்டும்னுதான். மோந்துகூடப் பார்க்கல."

"மத்தியாஸ், அந்த நாய் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்குது?"

"என்னைப் பார்த்துன்னு மட்டும் சொல்லிராதீங்க அக்கா."

"கோழிக்கு முதுகைக் காட்டிட்டுப் படுத்திருக்குதுப்பா. கோழிக்கடை வாசல்ல கிடக்கிற நாய்க்குக் கோழி மேல கண் இல்ல. அப்ப அது கோழிக்கடைக்கு வந்த நாய் இல்ல. எதிர்ல என்ன இருக்குது?"

மத்தியாஸ் திரும்பிப் பார்த்தான். எதிரே டீக்கடை. முன்னால் பாய்லர், பின்னால் கோணித் திரை போட்ட உள்ளறை. போண்டா எண்ணெயில் புரளும் வாசனை வந்தது.

"நாயும் நானும் ஒரே கட்சி போலருக்கே," என்றான். பிறகு வேறு வழியில்லாமல் சைக்கிளில் ஏறினான்.

நாலு மிதி மிதித்திருப்பான். பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. மத்தியாஸ் கர்த்தரையும், வேளாங்கண்ணி மாதாவையும், எதற்கும் இருக்கட்டும் என்று மாரியம்மனையும் கூப்பிட்டுக்கொண்டு மிதித்தான். நாய் பக்கத்தில் வந்துவிட்டது. கடிக்கவில்லை. காலைப் பிடிக்கவில்லை. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சக்கரத்துக்குச் சக்கரமாக அவனோடு சேர்ந்து ஓடிற்று. அதைப் பார்ப்பதா, பாதையைப் பார்ப்பதா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் பாதை முடிந்து வாய்க்கால் வரப்பு வந்துவிட்டது. மத்தியாஸ் ஒரு பக்கம் விழுந்தான், சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது.

நாய் வந்து அவன் தலைமாட்டில் நின்றது. ஆயுள் முடிந்தது என்று அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். விலாவில் மூக்கு வைத்து ஒரு முட்டு விழுந்தது. இன்னொரு முட்டு. எழுந்திரு, ஓட்டு என்று சொல்வது போலிருந்தது. நாயின் கழுத்து அவன் காதருகே வந்தபோது 'விர்ர்' என்று ஓர் உறுமல் கேட்டது. அத்தோடு நாய் அவனை விட்டுவிட்டு வாய்க்கால் பாலம்வரை தனியாக ஓடிப்போய், பாலத்தைத் தொட்டதும் கோடு போட்டது போலத் திரும்பி, நேரே டீக்கடையின் பின்வாசலுக்குப் போனது. திரைக்கு வெளியே ஒரு கை நீண்டு பாதி போண்டாவைக் கொடுத்துவிட்டு மறைந்தது.

விழுந்தவனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. சபியா கூட்டத்தை விலக்கி வந்து, "குரைச்சுதா?" என்று கேட்டாள்.

"அடி பட்டிருக்கான்னு கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"அதான் பேசறியே, அப்புறம் என்ன? குரைச்சுதா?"

"இல்ல மேடம். உறுமத்தான் செஞ்சுச்சு. வாயைத் திறக்காமலே உறுமுது, அவ்வளவு கோவம்!"

"வாயைத் திறக்காமயா?" சபியாவின் புருவம் மேலே போனது. "சத்தம் தொண்டையில இருந்து வந்துச்சா, கழுத்துல இருந்து வந்துச்சா?"

"நாய்க்குத் தொண்டை வேற எங்கக்கா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு மத்தியாஸ் முழங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

அங்கன்வாடி பக்கத்தில்தான். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தொட்டில் போலக் கட்டிக்கொண்டு, ஆனந்தி மறுகையால் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துக் கொண்டிருந்தாள்.

"விழுந்ததும் என்ன பண்ணுச்சுங்க அந்த நாய்?" என்றாள் சபியா.

"முட்டித் தள்ளுச்சுங்க. முட்டையைக்கூட நக்கல. எந்திரி, எந்திரிங்கற மாதிரி." ஆனந்தி கொஞ்சம் நிறுத்தினாள். பேச ஆரம்பித்ததும் குரல் சூடாயிற்று. "எனக்கு நாய் மேல கோவமில்லீங்க. வர்றவங்க எல்லாம் என்ன கேக்கறாங்க தெரியுமுங்களா? மெதுவாப் போயிருக்கலாமே, இறங்கித் தள்ளிட்டுப் போயிருக்கலாமே, பொம்பளைக்கு எதுக்கு சைக்கிளுன்னு கேக்கறாங்க. அவுத்து விட்டவன் யாருன்னு ஒருத்தர்கூடக் கேக்கலீங்க."

மத்தியாஸ் குனிந்து, காலடியில் வந்து நின்ற ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட்டான்.

"கமிட்டியில சைக்கிள்காரங்க தோட்டத்து வழியாச் சுத்திப் போங்கன்னு ஒரு யோசனை வந்துச்சாமே?" என்றாள் சபியா.

"வந்துச்சுங்க. தலைவர் துரைசுவாமி அண்ணன்தான் ஒத்துக்கல. சைக்கிள் விடறது உடம்புக்கு நல்லது, யாரும் நிறுத்தக் கூடாதுன்னாரு. நாயைப் பிடிக்க வண்டி வரச் சொல்லலாம்னதுக்கும் வேண்டான்னாரு. கடையை மூடினா நாய் தானாப் போயிரும்னு அவருதான் சொன்னாரு."

வெளியே வந்ததும் சபியா நடையை எட்டிப் போட்டாள். "நாய்த் தொல்லை கமிட்டித் தலைவர். நாயைப் பிடிக்கவும் கூடாது, சைக்கிளை நிறுத்தவும் கூடாது. விசித்திரமா இல்ல?"

"தீயணைப்பு வண்டியில மண்ணெண்ணெய் ஏத்திட்டு வாற மாதிரி இருக்கு மேடம்."

"வா, தலைவரைப் பார்த்துட்டு வரலாம்."

துரைசுவாமி வீட்டு வாசலில் இருந்த பெரிய முற்றத்தில் தேங்காய் காய்ந்து கொண்டிருந்தது. அவரும் அப்போதுதான் வந்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து, துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். சட்டையின் முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது.

"வாங்க அம்மிணி, வாங்க தம்பி! இப்பத்தான் நடந்துட்டு வந்தனுங்க. நடைன்னா நடை, வேர்த்துக் கொட்டுது பாருங்க!"

அவர் மனைவி ஞானம் தட்டில் முறுக்கோடு வந்தாள். வீட்டைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டிய மத்தியாஸுக்குச் சிரிப்பு வந்தது. டிவி ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, மூக்குக் கண்ணாடிக்கு உறை. எல்லாம் ஒரே கிளிப்பச்சைத் துணி.

"ரவிக்கை தெச்சது போக மிஞ்சுச்சுங்க. சும்மா எறிய மனசு வரல," என்றாள் ஞானம். பிறகு பெருமையாக, "இவருக்குச் சக்கரை இருக்குதுங்கல்ல? மஸ்கட்டுல இருக்கற எங்க மக கிருஷ்ணப்ரியா ஒரு வாட்ச் வாங்கி அனுப்பிருக்கறா. இவரு எத்தன அடி நடக்கறாருன்னு அவ போன்லயும் தெரியும், எம்போன்லயும் தெரியும். வாட்சுக்குள்ளயே சிம்மு இருக்குதுங்க. எங்க சொந்தத்துலயே இவருதான் இப்ப நடையில ஃபர்ஸ்ட்டு!"

"வாட்ச் எங்கண்ணா?" என்றாள் சபியா.

துரைசுவாமியின் விசிறல் ஒரு கணம் நின்றது. இடது மணிக்கட்டில் பட்டையாக ஒரு வெளுப்பு. அதைத் துண்டால் மூடிக்கொண்டு, "உள்ள சார்ஜ் போட்டிருக்கறனுங்க," என்றார்.

சபியா தண்ணீர் கேட்டாள். ஞானம் உள்ளே போனதும், செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து மத்தியாஸின் காதில் பேசினாள். "முதுகைப் பாரு. பொட்டு ஈரமில்ல. நெஞ்சுல மட்டும் வேர்க்கிற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. மோட்டார் தண்ணியைத் தெளிச்சிட்டு வந்திருக்காரு. நீ போய் சைக்கிள்ல ஏறு."

"மறுபடியுமா?"

"எனக்குப் போன் போட்டுட்டுக் கட் பண்ணாத. சட்டைப் பையில வெச்சுக்கிட்டு முக்குக்கும் பாலத்துக்கும் ஓட்டிட்டே இரு. நான் சொன்னா நில்லு. நான் சொன்னா ஓட்டு."

"எதுவரைக்கும் மேடம்?"

"நான் போதுங்கிற வரைக்கும்."

"அக்கா..." என்றான் மத்தியாஸ். அவள் அதற்குள் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டாள்.

முக்கில் நாய் அவனுக்காகவே காத்திருந்தது போல எழுந்து, சோம்பல் முறித்து, கிளம்பியது. இம்முறை அவன் விழவில்லை. விழுந்தால் நாய் மறுபடி முட்டி எழுப்பும் என்று தெரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து குரல்கள் தெளிவாகக் கேட்டன.

"அக்கா, அண்ணன் இன்னைக்கு எவ்வளவு நடந்திருக்காருன்னு பாருங்களேன்," என்றது சபியாவின் குரல்.

"இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். எட்டாயிரத்துச் சொச்சம்... அட! இது என்னங்க, ஏறுது! இவரு இங்க உக்காந்துட்டுத்தான இருக்கறாரு?"

"நெட்வொர்க் சரியில்ல. போனை வெய்யி," என்றது துரைசுவாமியின் குரல்.

"நில்லுப்பா மத்தியாஸ்!"

மத்தியாஸ் காலை ஊன்றி நின்றான். நாயும் நின்றது. இளைத்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தது.

"நின்னுருச்சுங்க!" என்றது ஞானத்தின் குரல்.

"ஓட்டு!"

ஓட்டினான். நாய் ஓடிற்று.

"ஏறுதுங்க! ஏனுங்க, என்னங்க இது, பேய் கீய் பிடிச்சிருக்குதா?"

மத்தியாஸுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பக்கத்தில் ஓடுகிற நாயைப் பார்த்தான். கழுத்தில் பச்சைத் தாயத்து. தாயத்து என்றால் குழல் மாதிரி உருண்டையாக இருக்கும். இது சப்பையாக, வட்டமாக இருந்தது. பாலத்தை நெருங்கும்போது அது மறுபடியும் 'விர்ர்' என்றது. நாய் பாவம், வாயைத் திறக்கவே இல்லை.

"அடப்பாவி மனுசா," என்றான் மத்தியாஸ், மிதித்துக்கொண்டே.

பைக்குள்ளிருந்து ஞானத்தின் போன் மணி கேட்டது. ஸ்பீக்கரில் ஓர் இளம் குரல் பதறியது. "அம்மா! அப்பா ஏன் இப்படி ஓடிட்டே இருக்காரு? நிறுத்தச் சொல்லுங்க! நெஞ்சு என்னாகறது? உடனே அவரைப் பிடிச்சு உக்கார வெய்யுங்க!"

"உக்காந்துட்டுத்தான் இருக்கறாரு கண்ணு. முறுக்கு தின்னுட்டு இருக்கறாரு," என்றாள் ஞானம்.

முறுக்குத் தட்டை யாரோ நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"மத்தியாஸ், சைக்கிளை வீட்டுக்குள்ளயே ஓட்டிட்டு வா," என்றாள் சபியா.

பிரேக் இல்லாத சைக்கிள் தேங்காய்க் குவியலில் மோதித்தான் நின்றது. மத்தியாஸ் உருள்வதற்குள் நாய் அவனைத் தாண்டிப் பாய்ந்து, துரைசுவாமியின் மடியில் இரண்டு காலையும் தூக்கி வைத்து, அவர் சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்தது. பைக்குள் எண்ணெய்க் கறையோடு ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது.

"யாரு நாயோ, என்னவோ..." என்று ஆரம்பித்தார் துரைசுவாமி. நாய் இன்னும் மேலே ஏறி அவர் மூக்கை நக்கியது. அவர் கை தானாக உயர்ந்தது. பழகிப்போன வாயும் தானாகத் திறந்தது. "கலெக்டரு, உக்காரு!"

நாய் பொத்தென்று உட்கார்ந்தது.

"ஊருக்குள்ள கலெக்டரே இருந்திருக்காரு. நமக்குத்தான் தெரியல," என்றான் மத்தியாஸ் தேங்காய்களுக்கு நடுவிலிருந்து.

ஞானம் நாயின் கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. "இது என்ற ரவிக்கைத் துணி!" கத்தரிக்கோல் வந்தது. தையல் பிரிந்தது. உள்ளே கறுப்பு வாட்ச், திரையில் பட்டாசு வெடிக்க, 'வாழ்த்துகள்' என்று மின்னிக்கொண்டிருந்தது. போனில் கிருஷ்ணப்ரியா இன்னும் இருந்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மத்தியாஸால் கண்டுபிடிக்க முடியவில்லை.

துரைசுவாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எல்லாம் கொட்டினார். கலெக்டரு தோப்பில் காவலுக்கு வளர்த்த நாய். ஞானத்துக்கு நாய் ஆகாது, அதனால் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. மகள் சொன்னபடி முதலில் ஒழுங்காகத்தான் நடந்தார், சைக்கிளும் விட்டார். நாயும் கூடவே பாலம்வரை ஓடி வரும், திரும்பி வந்தால் போண்டா உண்டு. அப்புறம் மூட்டு வலி. ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். நாயோ, வழக்கம் விடாமல், போகிற சைக்கிளோடு சேர்ந்து ஓடிற்று. வாட்சை மிச்சத் துணியில் தைத்து, யாரும் தொடாதபடி கோயில் கயிற்றால் நாயின் கழுத்தில் கட்டிவிடுவது அப்போது உதித்த யோசனை.

"வலின்னு சொன்னா அவ அங்க சோறு தின்ன மாட்டாளுங்க அம்மிணி. நடந்துட்டேன்னா அப்படிச் சிரிப்பா. அந்தச் சிரிப்புக்காகத்தானுங்க." அவர் கண் கலங்கியது நடிப்பல்ல. "இன்னைக்கு இந்தத் தம்பி விழுந்து கூட்டம் கூடிருச்சு. வாட்சைக் கழட்ட முடியல. பின்வாசல்ல ஓடி வந்துட்டன். கமிட்டியில சொல்லிப் போடாதீங்க. தெருநாய்னு எழுதிக்கலாம். அஷ்ரஃப் கடையை யாரும் தொட மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு."

சபியா எழுந்தாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. "மக சிரிக்கணும், அதுக்கு ஆனந்தி கை உடையணும், அஷ்ரஃப் கடை மூடணும். இது நல்லாவா இருக்குதுண்ணா? தெருநாய்னு எழுதினா, தெருவா வந்து ஆனந்திக்குப் பதில் சொல்லும்? வாட்ச் விஷயம் உங்க வீட்டு விஷயம், நான் பேசமாட்டேன். நாய் விஷயம் ஊர் விஷயம். அதை நீங்களே சொல்லணும்."

"நான் கமிட்டித் தலைவருங்க!"

"அதான் மைக் உங்க கையில இருக்குதே," என்றான் மத்தியாஸ்.

பதினோரு மணிக்கு வாசகசாலையில் கமிட்டி கூடியது. அஷ்ரஃப் உள்ளே வரத் தைரியம் இல்லாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆனந்தி முதல் வரிசையில், மாவுக்கட்டோடு. துரைசுவாமி எழுந்து, "பெரியோர்களே, தாய்மார்களே," என்று தொடங்கினார். தொண்டையைக் கனைத்தார். தண்ணீர் குடித்தார். கடைசி வரிசையில் ஞானம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"நாய் என்னுதுங்க," என்றார்.

"தலைவரே, பேப்பரை மாத்திப் படிக்கறீங்க. அஷ்ரஃப் நாய்னுதான எழுதியிருக்குது?" என்றார் பக்கத்தில் இருந்த கமிட்டிக்காரர்.

"பேப்பர் கிடக்கட்டும். நாய் என்னுது. அவுத்து விட்டது நான். அஷ்ரஃப் தம்பிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பழி போட்டது என்ற தப்பு." பிறகு ஆனந்தியைப் பார்த்து, "கண்ணு, உன்ற கைக்கும் நான்தான் காரணம். மன்னிச்சுக்கோ," என்றார்.

அஷ்ரஃப் நிலையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுததைப் பார்த்த மத்தியாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆனந்தி மெதுவாக எழுந்தாள். "இத்தன நாளா எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமான்னுதான் ஊரு கேட்டுச்சு. இன்னைக்குத்தான் ஒருத்தர் வேற பதில் சொல்லிருக்கறாரு. ஆசுபத்திரிச் செலவு அவரு பார்த்துக்கட்டும். அது போதாதுங்க. இந்தக் கட்டுப் பிரிக்கறவரைக்கும் குழந்தைகளுக்கு முட்டை நின்னு போகக் கூடாது. தினமும் அண்ணனே கொண்டு வந்து கொடுக்கணும். சைக்கிள்ல."

"மூட்டு வலிங்க கண்ணு..."

"மெதுவா வாங்க. வேணும்னா இறங்கித் தள்ளிட்டு வாங்க," என்றாள் ஆனந்தி. சபை முழுக்கச் சிரித்தது. ஞானம்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அடுத்த வாரம், பேசியபடி ஃபீஸாகக் கோழி வாங்கிக்கொள்ள சபியாவும் மத்தியாஸும் அஷ்ரஃப் கடைக்கு வந்திருந்தார்கள். வாசல் காலியாக இருந்தது. "என்னமோ போல இருக்குக்கா," என்றான் அஷ்ரஃப். "படுத்திருந்தப்ப பயமா இருந்துச்சு. இப்ப வெறிச்சுன்னு இருக்கு."

அப்போது தெருமுனையில் ஒரு சைக்கிள் தெரிந்தது. துரைசுவாமி. பின்னால் முட்டைத் தட்டு. மணிக்கட்டில் வாட்ச். கைப்பிடியிலிருந்து நீண்ட கயிற்றின் மறுமுனையில் கலெக்டரு. சட்டை முன்னும் பின்னும் நனைந்திருந்தது. டீக்கடை வந்ததும் கலெக்டரு வழக்கம்போல இடது பக்கம் திரும்பியது. கயிறு இழுத்தது. சைக்கிள் ஆடியது. துரைசுவாமி ஒரு காலை ஊன்றி, எப்படியோ சமாளித்து, போண்டாவைப் பார்க்காமல் அங்கன்வாடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆனந்தி வாசலிலேயே நின்று தட்டைப் பார்த்தாள். ஒரு முட்டையில் கீறல் விட்டு, வெள்ளைக்கரு வழிந்துகொண்டிருந்தது.

"இது யாரு வேலைங்க?"

துரைசுவாமியின் விரல் நாயை நோக்கிப் பாதி தூரம் போனது. கலெக்டரு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தது. விரல் மடங்கியது.

"நான்தானுங்க. கயித்தைச் சரியாப் பிடிக்கல," என்றார்.

ஆனந்தி அந்த முட்டையை எடுத்து, உடைத்து, கலெக்டரின் முன்னால் வைத்தாள்.